எல்லையை முதலில் தாண்டியவர்

காலை ஆறரை மணிக்கு, மலேசியாவின் பினாங்கில் பத்துக் கட்டில்கள் போட்ட மலிவு விடுதி அறையில், யூடியூபர் மகுடேசன் தன் வீடியோவுக்கு வந்த கருத்துகளைப் படித்துப் பொருமிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேமரா பிடிக்கும் இசக்கியைத்தான் விசாரித்திருந்தார்கள். "அந்தத் தம்பி சிரிப்பு மட்டும் கேக்குது, முகத்தைக் காட்டுங்க."

அன்றே தாய்லாந்து எல்லையில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மகுடேசன் சொன்னார்: "நான்தான் முதல்ல தாண்டணும். நீ எனக்கு முன்னால ஒரு அடி வைக்கக் கூடாது. ஆனா என் முகம் முழுசா லைவ்ல வரணும். முடியலைன்னா இப்படியே ஊருக்குக் கிளம்பு, வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"அதுக்கென்னண்ணே," என்றான் இசக்கி. "என்னைப் பாத்தபடியே பின்பக்கமா நடங்க."

சொன்னதை மாற்றிக்கொள்ள மகுடேசனுக்குக் கௌரவம் இடம் தரவில்லை. இரு நாட்டுச் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவிலிருந்த சாலையில், கனத்த முதுகுப்பையோடு, "மக்களே, இதோ தாய்லாந்து!" என்று மலேசியாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, ஒரு பலாப்பழ வண்டியில் மோதி உட்கார்ந்தார். இசக்கியின் சிரிப்பும் லைவில் போனது. அதுவரை அந்தச் சேனலில் அவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை.

அடுத்த வீடியோ 2024 மார்ச் 9 அன்று வெளியானது. அதில் இசக்கி பேசினான். கேமராவை மகுடேசன் பிடித்திருந்தார்.