வலப்பக்கம் போன கர்சர்

முன்னொரு காலத்தில் என்று இழுக்க வேண்டாம், போன வருஷம்தான். வாணியம்பாடியில் ஒரு கைபேசிக்குள், குறிப்பு எழுதும் செயலியில், ஒரு கர்சர் குடியிருந்தது. அடுத்த எழுத்து எங்கே விழும் என்று மின்னி மின்னிக் காட்டுமே, அந்தச் சின்னக் கோடுதான். பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இடது ஓரத்தில் கிளம்பி வலப்பக்கம் நடக்கும். வேறு வழி அதற்குத் தெரியாது.

அந்தக் கைபேசிக்காரர் வாஹித் பாய்க்குச் சர்க்கரை வியாதி. வேளை பார்த்து மாத்திரையைக் கையில் கொடுப்பது மனைவி முபீனாதான். அந்த வாரம் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இதைக் காலையில்தான் போட வேண்டும், ராத்திரி போட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி ஆளே பிழைக்கமாட்டார் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார். அதற்குள் அவள் தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்துவிட்டது.

வாஹித்துக்கு உருது மட்டும்தான் வாசிக்க வரும். முபீனா அவசர அவசரமாக அவர் கைபேசியில் மாத்திரையின் பெயரை உருதுவில் எழுதினாள். கீழ்வரியில், டாக்டர் சீட்டில் இருந்தபடியே, 1 - 0 - 0 என்று போட்டாள். காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி இல்லை. எல்லாம் எழுதியிருக்கிறது, பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போனதும் உள்ளே ஒன்று என்ற எண்ணுக்குப் பெருமை பிடிபடவில்லை. வரிக்கே தான்தான் தலை என்று நெஞ்சை நிமிர்த்தியது.

கடைசியில் நின்ற பூஜ்யம் சொன்னது: "அவர் உருதுபோல வலப்பக்கத்திலிருந்து படிக்கிறவர். அவருக்கு நான்தான் காலை. நீ ராத்திரி."

இதைக் கேட்ட கர்சர் ஓடிப்போய் இடது ஓரத்திடம் முறையிட்டது. ஓரம் அசைந்து கொடுக்கவில்லை. "உருதுவை உள்ளே விட்டதே பெரிசு. அதுக்காக வீட்டையே திருப்பி வைக்கச் சொல்றியா?" என்று கேட்டது. மேலே நின்ற உருது எழுத்துகளுக்கு இது புதிதல்ல. வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சுத்தானே அவற்றுக்கு.

தானே வலது ஓரத்துக்குப் போய் நின்றால் வரியும் பின்னால் வரும் என்று கர்சருக்குத் தெரியும். ஆனால் பழுதாகிவிட்டது என்று செயலிக்காரர்கள் தன்னைத் தூக்கி எறிந்துவிட்டால்? போவதா வேண்டாமா என்று மின்னி மின்னியே பொழுதைக் கழித்தது.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்தது. வாஹித் சாப்பிட்டுவிட்டுக் கைபேசியைத் திறந்தார். விரல் வலப்பக்கத்திலிருந்து நகர்ந்தது. பூஜ்யம். பூஜ்யம். ஒன்று. அட்டையைப் பிதுக்கி மாத்திரையை எடுத்தார், தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.

ஆனது ஆகட்டும் என்று கர்சர் கிளம்பியது. வலது ஓரத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டது. முணுமுணுத்துக்கொண்டே வரி திரும்பியது, ஒன்று வலது கோடியில் போய் நின்றது.

செம்போடு வந்த வாஹித், பெயர் சரிதானா என்று இன்னொரு தரம் பார்த்தார். வலது கோடியில் இப்போது ஒன்று இருந்தது. மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு முபீனாவைப் போனில் கூப்பிட்டார்.

"காலை மாத்திரைய இப்பப் போடப் பார்த்தேன், முபீனா. கண்ணு மங்கிப் போச்சு போல. தப்பாப் படிச்சிட்டேன்."

"கண்ணாடி மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?" என்று அவள் அழுதாள்.

அவர் சரியாகத்தான் படித்தார் என்று கர்சருக்குத் தெரியும், ஓரத்துக்கும் தெரியும். மனிதர்களிடம் அதைச் சொல்ல இரண்டுக்கும் வாய் இல்லை.

மறுவாரம் வாஹித் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். வாஹித் நம்பவில்லை.