இரண்டரை மணி நேர மறியல்

வீரபத்ரன் இருபது வருஷம் பொக்லைன் ஓட்டியவர். இடுப்பு வலி வந்த பிறகு, ஜெயக்கொடியின் பட்டறையில் ரிப்பேர் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அவருக்கு நாற்பத்து நாலு, அவளுக்கு முப்பத்து மூன்று. கௌரவம் பார்க்காமல் முதல் நாளே "மேஸ்திரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் காலை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, வண்டிப் பராமரிப்பு சர்டிபிகேட் படிப்புக்கு நாளைக்குக் கடைசி நாள். ஃபீஸ் எண்பதாயிரம். ஆறு மாசம் சம்பளம் கிடையாது. முடிச்சுட்டு வந்தா மாசம் மூவாயிரம் கூட வரும். போட்டதை எடுக்கவே அஞ்சு வருஷம் ஆகும்."

"ம்."

"வீட்ல நகையை எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கா. அடகு வைக்கவான்னு கேக்கறா. சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன சீக்குன்னு சொல்றவன் நான். எனக்கு எதுக்குக் காகிதம்? கட்டுபடியாகுமா, நீங்களே சொல்லுங்க."

ஜெயக்கொடி டூல்ஸ் பையை எடுத்து பைக்கில் மாட்டினாள்.

"குவாரிக்குப் போகணும். வாங்கண்ணே."

பட்டறையின் பாதி வேலை அந்தக் குவாரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அன்று ஒரு பொக்லைனுக்கு ஆயில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கிரீஸ் வைக்கக் குனிந்த வீரபத்ரன், வண்டியின் கை மடங்கும் இடத்தில் துருப்பிடித்த கீற்று ஒன்றைப் பார்த்தார். டீசலைத் தடவி, துணியால் அழுத்தித் துடைத்து, அதன்மேல் சாக்கட்டியைத் தேய்த்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் மெல்லக் கசிந்து வெள்ளையை நனைக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்புக் கோடு தெரிந்தது.

"வண்டி ஓடக் கூடாது," என்றார் வீரபத்ரன். "கை முறிஞ்சு விழும். கீழே நாலு பேர் துளை போட்டுட்டிருக்காங்க."

மேனேஜர் புண்ணியகோடி கோட்டை எட்டிப் பார்த்தார். அதை விரலால் அழித்துவிட்டார்.

"லோடு நிக்குது. சாயந்தரம் பாத்துக்கலாம். ஆமா, நீ யாருய்யா சொல்றதுக்கு? ஸ்பானர் எடுத்துக் குடுக்க வந்தவன்தானே?"

வீரபத்ரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகப் போய் வண்டி உருண்டு போகும் இரும்புச் செயின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என் மேல ஏத்திட்டு ஓட்டச் சொல்லு!"

ஆபரேட்டர் டில்லிபாபு சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஜெயக்கொடி கிரீஸ் டப்பாவை மூடிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தாள்.

புண்ணியகோடி லேசுப்பட்ட ஆளா என்ன? கத்தவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி வீரபத்ரனுக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார். மணி பன்னிரண்டானது. ஒன்றானது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"உக்காரு, உக்காரு. எனக்கொண்ணும் அவசரமில்லை."

வெயில் இரும்பைக் காய்ச்சிவிட்டது. காலையில் குடித்த கம்பங்கூழ் எப்போதோ போய்விட்டது. இடுப்பு வேறு. இரண்டு மணிக்கு வீரபத்ரன் தண்ணீர்ப் பானை வரைக்கும் போய் வரலாமென்று எழுந்தார். பத்தடி நடப்பதற்குள் பின்னால் இன்ஜின் உறுமியது.

அவர் திரும்பும்போது ஜெயக்கொடி வண்டிமேல் ஏறிக்கொண்டிருந்தாள். கேபினில் இருந்த சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாள் வைத்து இரண்டு வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தன் பராமரிப்பு சர்டிபிகேட் நம்பரையும் எழுதினாள். ஒரு தாளைக் கிழித்து டில்லிபாபுவின் சட்டைப் பைக்குள் சொருகினாள்.

அவன் எடுத்துப் படித்தான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான்.

"என்னடா?" என்றார் புண்ணியகோடி.

"ஓட்டக் கூடாதுன்னு எழுதிட்டாங்க சார்."

"அந்தாளும் அதைத்தானே சொன்னான்!"

"அண்ணன் வாயால சொன்னாரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் இந்தப் புத்தகத்தைத்தான் கேப்பான். நான் ஜெயிலுக்குப் போக மாட்டேன் சார். நீங்க வேணா ஏறி ஓட்டுங்க."

புண்ணியகோடி ஏறவில்லை. முகம் சிவந்துபோய் ஜெயக்கொடியிடம் வந்தார்.

"இனிமே நீ இந்தக் குவாரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"சரிங்க," என்றாள் ஜெயக்கொடி. பையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

பைக் நின்ற இடம் வந்ததும் வீரபத்ரன் கேட்டேவிட்டார்.

"முதல்லயே எழுதியிருக்கலாமே மேஸ்திரி?"

"நீங்கதான் வண்டியை நிறுத்திட்டீங்களே. நான் எதுக்கு எழுதணும்?"

"பாதி வேலை போச்சு. இதுதான் சர்டிபிகேட்டால வந்த வருமானமா?"

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"ரெண்டரை மணி நேரம்."

"ஏன் எழுந்தீங்க?"

"பசி. தாகம் வேற. மனுஷன்தானே மேஸ்திரி."

ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். சரிவில் பொக்லைன் அசையாமல் நின்றிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"என் கையெழுத்துக்குப் பசிக்காதுண்ணே," என்றாள்.