செட்டுக்கு முறை வைத்த ஊர்

கூழாம்பட்டியில் எதையும் முறை வைத்துத்தான் அனுபவிப்பார்கள். ஊரே ஏழு வீடு. இருப்பது ஒரே கிணறு. வீட்டுக்கு ஒரு கிழமை என்று தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு தகராறில்லாமல் நடந்ததால், மற்ற எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். புளியமரத்து நிழலுக்கு முறை உண்டு. புதன்கிழமைக்காரர் நிழலில் உட்கார்ந்திருந்தால், மற்ற ஆறு பேரும் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை சூரிய கிரகணம் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்காரர் மட்டும் பட்டினி கிடந்தார். மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக்காரன் மாசிலாமணிக்கு வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கூழாம்பட்டிக்குப் பெண் கொடுக்க வெளியூரில் யோசித்தார்கள். ஏன் யோசிக்கிறார்கள் என்று கூழாம்பட்டியிலும் கூடி உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. கடைசியில் ஒரு தரகர் எங்கேயோ ஓர் இடம் பிடித்தார். பெண்ணின் அப்பா அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பெண்ணின் பெயர் பொற்கொடி. போட்டோவில் அவள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று மாசிலாமணி முடிவு செய்துவிட்டான்.

புதுச் சட்டை வாங்கச் சந்தைக்குப் போனவன், வழியில் அகராதி விற்கிறவரிடம் மாட்டிக்கொண்டான்.

"செட்டுன்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, தம்பி. இத்துனூண்டு வார்த்தை. அதுக்கு அர்த்தம் மட்டும் பக்கம் பக்கமா இருக்கு" என்றார் அவர். "பம்பு செட்டுங்கறீங்களே, அது. மைக் செட்டுங்கறீங்களே, அதே செட்டு. காப்பி கிளப்புல ரெண்டு ரெண்டா வைக்கிறானே, செட் தோசை?"

"அதுவும் அதேதானா?"

"அதேதான். தயிர் செட் ஆச்சுங்கறோம். ஜாதகம் செட் ஆகலைங்கறோம். எல்லாம் அந்த ஒண்ணுதான்."

"எங்க அங்கம்மா அத்தை பல் செட்டு வச்சிருக்கு" என்றான் மாசிலாமணி, குரல் இறங்கி.

"அதுவுந்தான்யா."

இலக்கணம் படித்தவர்கள் இதைப் பலபொருள் ஒருசொல் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். மாசிலாமணி இலக்கணம் படித்தவனில்லை. ஊரில் மூன்று முத்துச்சாமி இருந்தால் மூன்று பேரும் வேறு வேறு ஆள் என்பதுபோல, இந்தச் செட்டுகளும் வேறு வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். ஒரே ஒரு செட்டுதான் இருக்கிறது, அதைத்தான் இத்தனை பேரும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சட்டையை மறந்து ஊருக்கு ஓடி வந்தான்.

ஊர்ப் பெரியதனம் ஒண்டிமுத்து உடனே கூட்டம் போட்டார்.

"நம்ம கிணத்துல ஏழு பேரும் ஒரே நேரத்துல மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"சேறுதான் வரும்" என்றார் சடையப்பன். அவர் ஊரின் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எதை எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

"அதேதான். போன திருவிழாவுல மைக் செட்டு ஏன் கரகரன்னுச்சு?"

ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு நான் கிளப்புல செட் தோசை தின்னேன், பெரியதனம். தெரியாம தின்னுட்டேன்."

"நான் வாயைத் திறந்து பேசறப்பல்லாம் பம்பு செட்டுல தண்ணி நின்னு போகுதுன்னு அந்தக் காலத்துலயே சொன்னேன்" என்றாள் அங்கம்மாள். "யாரு கேட்டீங்க?"

அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. செட்டுக்கும் கிழமை முறை என்று தீர்மானமாயிற்று. முறைக்காரர் தவிர வேறு யாரும் அன்றைக்கு அந்தச் சொல்லை வாயால் எடுக்கக் கூடாது, அந்தச் சொல்லுக்கு உட்பட்ட பொருளையும் தொடக் கூடாது. கண்காணிக்கும் பொறுப்பு சடையப்பனுக்கு. அவர் ஒரு கூடை நிறையக் குழைத்த சேற்றை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்ற ஆரம்பித்தார். முறை தவறிப் பாயும் மடையை ஒரு கை சேறு வைத்து அடைப்பதே அவருக்குத் தெரிந்த வழி. வாயை அடைப்பதற்கு வேறு வழி இருக்குமென்று அவருக்குத் தோன்றவில்லை.

ஊர் ஒழுங்குக்கு வந்தது. கிளப்பில் முறையில்லாத நாளில் இரண்டு தோசை வேண்டுமென்றால், ஒன்றைத் தின்றுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு, வெளியே போய் நின்று, புது ஆளாகத் திரும்பி வந்து இன்னொன்றைத் தின்ன வேண்டும். முறையில்லாத வீட்டில் பால் தயிராகிவிடாமல் ஆள் மாற்றி ஆள் கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கம்மாளுக்கு வியாழக்கிழமை. மற்ற நாளெல்லாம் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுக் கஞ்சி குடித்தாள். முறுக்கு, சீடை, கரும்பு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து வியாழனன்று விடிந்ததிலிருந்து மென்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தன் முறை நாளில்தான் மாசிலாமணிக்கு அது உறைத்தது. பெண் வீட்டார் வருவது வியாழக்கிழமை. அங்கம்மாள் பக்கத்து வீடுதான், நடுவில் ஒரே ஒரு பொதுச்சுவர். ஓடினான்.

"அத்தே, வியாழனை எனக்கு விட்டுக் குடு. என் செவ்வாயை நீ வச்சுக்க."

"இத்தனை நாளா முறுக்கை டப்பாவுல போட்டுக் கண்ணால பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அங்கம்மாள். "பல்லைக் கழட்டச் சொல்றியா? என் தம்பி மகன்னு பார்க்கறேன். இல்லேன்னா இந்நேரம் கடிச்சிருப்பேன். பல்லு டம்ளர்ல கிடக்கு."

"வர்றவரு மைக் செட்டு வச்சுத் தொழில் பண்றவராம், அத்தே. பேசினா அந்த வார்த்தை வராம இருக்குமா? சம்மந்தி வாயில சேத்தை வச்சா யாரு பொண்ணு குடுப்பா?"

அங்கம்மாள் யோசித்தாள். பிறகு ஒரு வழி சொன்னாள். "நானும் வந்து உட்கார்றேன். அவரு எப்ப அதைச் சொன்னாலும் 'என்னுது'ன்னு சொல்லிடறேன். என்னுதுன்னு சொல்லிட்டா அது என் மடையில பாஞ்ச தண்ணி. சடையப்பனுக்கு அங்க வேலை இல்லை."

சடையப்பனைக் கேட்டார்கள். கிணற்று வழக்கத்தில் அதற்கு இடமுண்டு என்றார்.

வியாழக்கிழமை பெண்ணின் அப்பா குழந்தைவேலு தன் தங்கையோடு வந்து சேர்ந்தார். ஊரார் ஏழு வீட்டுக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதவோரம் சடையப்பன் கூடையோடு நின்றார்.

"பூச்சு வேலை நடக்குதோ?" என்றார் குழந்தைவேலு, சேற்றைப் பார்த்து.

"நடக்கக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருக்கோம்" என்றான் மாசிலாமணி. அவன் வருங்கால மாமனாரின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நமக்குத் தொழில் மைக் செட்டு" என்று ஆரம்பித்தார் அவர்.

சடையப்பனின் கை கூடைக்குள் போயிற்று.

"அது என்னுது" என்றாள் அங்கம்மாள், முறுக்கை ஒதுக்கிக்கொண்டு. கை வெளியே வந்தது.

குழந்தைவேலு மரியாதையாகத் திரும்பினார். "ஓ, உங்களுக்கும் மைக் செட்டு இருக்கா, ஆத்தா?"

"அதுவும் என்னுது."

"ரெண்டா? நல்லது. நம்மகிட்ட சீரியல் லைட் செட்டும்..."

"என்னுது."

"ஜெனரேட்டர் செட்டு ஒண்ணு புதுசா..."

"என்னுதுதான்."

தங்கை அண்ணன் காதருகே குனிந்து, "பெரிய இடம் போலிருக்கு. பார்த்தா தெரியலை" என்றாள். குழந்தைவேலு சற்று நிமிர்ந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கம்மாள் ஒரு பெரிய சீடையை வாயில் போட்ட நேரம் பார்த்து அவர், "பொண்ணுக்கு நகை ஒரு செட்டு..." என்றார். சீடை அசையவில்லை. அங்கம்மாள் கண்ணை உருட்டினாள். வார்த்தை வரவில்லை. சடையப்பன் ஒரு கை சேற்றை அள்ளிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். மாசிலாமணி அதற்குள் தட்டிலிருந்த கேசரி முழுவதையும் வாரி மாமனார் வாயில் திணித்தான்.

வாய் அடைபட்டிருப்பதைக் குனிந்து பார்த்துவிட்டு, சடையப்பன் திருப்தியோடு தன் இடத்துக்குத் திரும்பினார்.

மாமனார் மெதுவாக மென்று முழுங்கினார். கண் கலங்கியிருந்தது. "என் சொந்தப் பிள்ளைங்ககூட எனக்கு இப்படி ஊட்டினதில்லை" என்றார் தங்கையிடம். பிறகு மாசிலாமணியின் தோளைத் தட்டினார். "அப்புறம் பேச என்ன இருக்கு? எல்லாம் செட் ஆயிடுச்சு. கல்யாணத்தை வச்சுக்குவோம்."

"அது என்னுது" என்றாள் அங்கம்மாள். சீடை கரைந்திருந்தது.

மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. பொற்கொடி போட்டோவில் சிரித்த சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. சேற்றிலிருந்து தப்பிவிட்டோம் என்ற அந்தக் குளிர்ச்சி, ஒண்டிமுத்து தொண்டையைக் கனைக்கும் வரைதான் நின்றது.

"ஆக, கல்யாணம் அங்கம்மா வீட்டுக்குப் போச்சு" என்றார் ஒண்டிமுத்து.

"எப்படிப் போகும்?" என்றான் மாசிலாமணி.

"வியாழக்கிழமை அந்த வார்த்தை வந்து விழுந்துச்சு. வியாழன் அங்கம்மாளோடது. அவ மடையில பாஞ்சதை அவளும் என்னுதுன்னு சொல்லி வாங்கிட்டா. நீ செவ்வாய்க்கிழமைக்காரன்."

"அத்தைக்கு எதுக்குப் பெரியதனம் கல்யாணம்?"

"அதை அவதான் சொல்லணும்."

எல்லோரும் அங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படாமல் முறுக்கை முடித்தாள். "வந்ததை ஏன் விடணும்? மாவாட்ட எனக்கும் ஆள் இல்லை. அந்தப் புள்ள வரட்டும்" என்றாள்.

"அத்தே, நான் மாவாட்டறேன்."

"நீ ஆட்டின மாவைத் தின்னு பார்த்திருக்கேன்."

குழந்தைவேலு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, என் பொண்ணை யாருக்குக் கேக்கறீங்க?" என்றார்.

"அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் ஒண்டிமுத்து. "கொஞ்சம் பொறுங்க, சம்மந்தி. யாருக்குச் சம்மந்தின்னு தெரிஞ்சதும் சொல்லிடறோம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பி வந்து இதே பேச்சை முதலிலிருந்து பேசும்படி அவரைக் கேட்கலாம் என்றார் ஒருவர். தின்ற கேசரியை என்ன செய்வது என்றார் இன்னொருவர். மாசிலாமணி எழுந்து சடையப்பனிடம் போனான். தண்ணீர் விஷயத்தில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

"அண்ணே, என் வயலுக்கு வர வேண்டியது பக்கத்து வயலுக்குப் பாஞ்சிருச்சு. திருப்ப வழியே இல்லையா?"

சடையப்பன் வெகுநேரம் சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "பாஞ்ச தண்ணியைத் திருப்ப முடியாது, தம்பி" என்றார். "வரப்பை வெட்டலாம். வரப்பு போயிட்டா ரெண்டும் ஒரே வயலு. அப்புறம் அது யாரு தண்ணின்னு கேள்வியே இல்லை."

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. எல்லோரும் பொதுச்சுவரைப் பார்த்தார்கள்.

ஐந்தாறு மண்வெட்டியும் ஒரு கடப்பாரையும் வந்தன. முதல் கொத்திலேயே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் விழுந்தது. பிறகு காரை விழுந்தது. புழுதி கிளம்பி மிச்சமிருந்த பலகாரத்தின் மேல் படிந்தது. அந்தப் பக்கத்தில் அங்கம்மாளின் அடுப்பும் டம்ளரும் தெரிய ஆரம்பித்தன. குழந்தைவேலுவின் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

குழந்தைவேலு எழுந்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டினார். மாசிலாமணி அவர் கால் போகும் திசையையே பார்த்தான். போகிறார், போனால் போனதுதான், இனி எந்தத் தரகரும் இந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஆனால் அவர் வாசலுக்குப் போகவில்லை. சுவரருகே போய்க் குனிந்து, ஓட்டை வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டு கையையும் அகட்டி வெட்டின இடத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் நல்லா அகலமா வெட்டுங்கப்பா" என்றார். "பொண்ணுகூடவே பீரோவும் வருதுல்ல."