இடதுபக்க இருக்கை

கார் பைத்தியத்தில் இரண்டு வகை உண்டு. புதுக் கார் வாங்கியவன் அதை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவான். பழைய கார் வைத்திருப்பவன் அதன் அடியிலேயே படுத்துக் கிடப்பான். கோயம்புத்தூர் சென்னியப்பன் இரண்டாவது வகை. வயது அறுபதை நெருங்கிவிட்டது, பம்ப் பட்டறைக்கு முதலாளி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் கிரீஸ் படிந்த கையோடுதான் சோற்றுக்கு உட்காருவார்.

அவருடைய கார் ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலில் கொண்டுவந்தது. கூரை கிடையாது. முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். மழை வந்தால் நனைய வேண்டும், வெயில் வந்தால் காய வேண்டும். அதில் இருக்கும் சுகம் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும் என்பார்.

அந்தக் காரில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் திலகவதி அம்மாவின் குடிலுக்கு வந்து இறங்கினார். கையில் மாலையும் நான்கு எலுமிச்சம்பழமும் இருந்தன.

குடில் மலைப்பாதையின் பாதியில் இருக்கிறது. அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இப்போது ஊர் தேடிவரும் சாமியம்மா. சென்னியப்பனைவிட வயதில் மிகவும் சிறியவர். இருந்தாலும் அவர் முன்னால் போய் நின்றால் பெரிய மனிதர்களுக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும். பேச்சு குறைவு. பேசினால் சுருக்கென்று தைக்கும்.

"நாளைக்குப் பழைய கார் ஓட்டமுங்கம்மா," என்றார் சென்னியப்பன். "வண்டிக்கு உங்க கையால மாலை போடணும்."

"போடலாம். உட்காருங்க."

உட்கார்ந்தார். மூன்று வருடமாக அவர் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார். கண்ணை மூடி உட்காருவார், கஞ்சி குடிப்பார், போய்விடுவார். மனதில் இருப்பதைச் சொன்னதே இல்லை. இன்றைக்கு அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அம்மா, ஒரு கேள்வி. ஒருத்தன் செஞ்ச பாவம் எப்படிப் போகும்?"

"யார் செஞ்ச பாவம்?"

அவர் வெளியே நின்ற காரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அந்த ஓட்டம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். பழைய கார்க்காரர்கள் எல்லாம் தாத்தா காலத்துத் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு அடிவாரத்தில் கூடுவார்கள். பார்க்க ஊரே திரண்டு வரும். மேலே ஏறி, கோயில் மைதானத்தைச் சுற்றி, மறுபடி கீழே இறங்க வேண்டும். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை, இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை.

வேகம் மட்டும் போதாது. புறப்படுவதற்கு முன்னால் நடுவர்கள் டார்ச் லைட்டோடு ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் புகுந்து வருவார்கள். எது அந்தக் காலத்து உறுப்பு, எது பிறகு மாற்றியது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எல்லாம் அசலாக இருந்தால் முழு மதிப்பெண். சீட் பெல்ட் போட்டால் குறையும். ஆயில் பிரேக் வைத்தால் இன்னும் குறையும்.

சென்னியப்பன் வண்டியில் இருப்பது கம்பி பிரேக். காலால் மிதித்தால் கம்பி இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். சமதரையில் பரவாயில்லை. நெடிய இறக்கத்தில் சூடேறிவிட்டால் காலுக்கடியில் பிரேக் என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம்தான். மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் தலையால் அடித்துக்கொண்டான். அசல் போய்விடும் என்று இவர் விடவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்த ஓட்டத்தில் இடதுபக்கம் உட்கார்ந்தவர் சிகாமணி. சின்ன வயதுச் சிநேகிதர், இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஏறி உட்காரும்போது, "பிரேக் எப்படிடா?" என்று கேட்டார். "நச்சுன்னு நிக்கும், ஏறுடா," என்றார் சென்னியப்பன்.

நிற்கவில்லை. இறக்கத்தில், இந்தக் குடிலுக்குக் கீழே இருக்கும் கொண்டை ஊசி வளைவில், வண்டியின் இடதுபக்கம் கட்டைச்சுவரில் போய் மோதியது. சென்னியப்பனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. சிகாமணியை வெளியே எடுக்கத் தகரத்தை வெட்ட வேண்டியிருந்தது.

"நாய் குறுக்கே வந்துருச்சுன்னு சொல்லிப்போட்டேனுங்க," என்றார் சென்னியப்பன்.

"வந்துச்சா?"

"எந்த நாயும் வரலீங்க."

இல்லாத அந்த நாயை ஊரே திட்டித் தீர்த்தது. சிகாமணி வீட்டில் அன்றோடு தெருநாய்களுக்குச் சோறு வைப்பது நின்றது. ஓட்டம் நடத்தும் சங்கத்துக்காரர்கள் சிகாமணி பேரில் ஒரு கோப்பை ஏற்படுத்தினார்கள். எது நன்றாக ஓடி, அதிக அசலாகவும் இருக்கிறதோ அந்த வண்டிக்கு அந்தக் கோப்பை. இதைச் சொல்லும்போது சென்னியப்பனுக்குக் குரல் உடைந்தது. பாவம், அழவும் தெரியவில்லை அந்த மனிதருக்கு, மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"வண்டியை மறுபடி கட்டிட்டீங்க," என்றார் அம்மா.

"மூணு வருஷம் ஆச்சுங்க. ஒரு கீறல் இல்லாமப் பண்ணியிருக்கேன்."

"பிரேக்?"

"அதே கம்பி பிரேக்குதானுங்க. இந்தத் தடவை நானே பார்த்துப் பார்த்துச் சரி பண்ணியிருக்கேன்."

"நாளைக்குப் பக்கத்துல யாரு?"

"சிகாமணி பொண்ணு. சிந்துஜா. அப்பா உட்கார்ந்த இடத்துல ஒருக்கா உட்காரணும் மாமான்னு கேட்டுது. எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? ஜெயிச்சு, அவங்கப்பன் பேருல இருக்கிற கோப்பையை அந்தப் புள்ள கையில கொடுத்துப்போட்டா, என்ற பாரம் குறையும்னு நெனைக்கிறேன். அதுக்குத்தான் உங்க ஆசீர்வாதம் கேட்டு வந்தேனுங்க."

அம்மா எழுந்து வெளியே போனார். மாலையைத் தொடவில்லை. காரைச் சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"அடிவாரத்துல ஒரு வேலை இருக்குது. கொண்டுபோய் விடுங்க."

சென்னியப்பனுக்கு முகம் வெளுத்தது.

"ஒரு போன் போட்டா டிரைவர் வேற வண்டி எடுத்துட்டு வந்துருவானுங்கம்மா."

"இந்த வண்டிக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. உங்களுக்குத் தூசி அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"ரொம்பக் குலுங்குமுங்க."

"குலுங்கட்டும். ஹேண்டிலைப் போடுங்க."

வேறு வழியில்லை. சுற்றினார். பாழாய்ப்போன வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பிவிட்டது. மற்ற நாளில் என்றால் தட்டிக்கொடுத்திருப்பார்.

கிளம்பியதிலிருந்து முதல் கியரை விட்டு அவர் மாற்றவில்லை. இன்ஜின் முக்கியது. பின்னால் வந்த பால் வண்டிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஹார்ன் அடித்து, ஒதுங்கிப் போனான். போகிற போக்கில் ஏதோ கேலியும் பேசினான். சென்னியப்பன் காதில் அது விழவில்லை. வலது காலை பிரேக்கில் வைத்து வைத்து எடுத்தார். கண் பாதி நேரம் பாதையில், பாதி நேரம் இடதுபக்கம். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தார். பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தார் சென்னியப்பன். பிடித்துக்கொள்ள அந்த வண்டியில் ஒன்றும் இல்லை.

தூரத்தில் கொண்டை ஊசி வளைவு தெரிந்தது. கட்டைச்சுவரில் ஒரு பகுதி மட்டும் புதுச் சிமெண்டாக வெளுத்திருந்தது.

அவர் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கினார். மிதித்தார். வண்டி உடனே நிற்கவில்லை. தயங்கித் தயங்கி, மண்மேட்டில் உரசித்தான் நின்றது. கைபிரேக்கை இழுத்தார். இறங்கி ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கிவந்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். போதாதென்று இன்னொரு கல்லும் வைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இதுக்கு மேல வேண்டாமுங்கம்மா. உங்களை வெச்சுக்கிட்டு என்னால முடியாது."

"நாளைக்கும் இங்க நிறுத்திக் கல் வைப்பீங்களா?"

"நாளைக்கு ஓட்டமுங்க. நிறுத்த முடியாதுங்களே."

"இந்த வேகத்துலதான் வருவீங்களா?"

"இல்லீங்க."

"நாளைக்குள்ள பிரேக் மாறிருமா?"

"இல்லீங்க."

"அப்ப மாறுறது வேகமும் பக்கத்துல உட்கார்ற ஆளும்தான்."

சென்னியப்பன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று வருடம் அந்தக் காரின் ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டியவர், தன்னுடைய இந்த ஒரு பயத்தை இன்றைக்குத்தான் பார்த்தார்.

"எனக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்று கேட்டார் அம்மா.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. இந்த ஊர்ல நான் தலைகாட்ட முடியுமா?"

"அந்தப் புள்ளைக்கு ஆனா?"

சென்னியப்பன் சக்கரத்தடிக் கல்லைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

"அதுக்குச் சொல்ல இன்னொரு நாய் இருக்குது," என்றார் அம்மா.

சென்னியப்பன் அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கீழே அடிவாரத்தில் நாளைய விழாவுக்கு மைக் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிகாமணியின் பேரைச் சொல்லி, கோப்பையின் பெருமையைச் சொல்லி, யாரோ ஒருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்தார். காற்று அதைத் துண்டு துண்டாக மேலே கொண்டுவந்தது.

மைக் ஓய்ந்ததும் சென்னியப்பன் சொன்னார்.

"நாளைக்கு வண்டியை எடுக்கலீங்க. இன்ஜின்ல கோளாறுன்னு சொல்லிப்போடறேன்."

"இன்ஜின் நல்லாத்தானே ஓடுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த வருஷம் அந்தப் புள்ள மறுபடி கேட்கும்," என்றார் அம்மா. "இதுல இல்லாட்டி வேற ஒருத்தர் வண்டியில ஏறும். அவங்கப்பன் நாயால செத்தான்னுதானே அதுக்குத் தெரியும்? நாய் இருக்குதான்னு பார்க்கும். பிரேக் எப்படின்னு கேட்காது."

"கேட்டுதுங்கம்மா." சென்னியப்பன் காரைப் பார்த்தார். "முந்தாநாள் வந்து வண்டியைத் தடவிப் பார்த்துச்சு. மாமா, பிரேக்கெல்லாம் எப்படின்னு கேட்டுது."

"என்ன சொன்னீங்க?"

"நச்சுன்னு நிக்கும்னு சொன்னேன்."

அம்மா காரைவிட்டு இறங்கினார். அடிவாரத்தில் அவருக்கு என்ன வேலையோ, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தூசியைத் தட்டிவிட்டு, குடில் இருக்கும் பக்கமாக ஏற்றத்தில் நடக்கத் தொடங்கினார். சென்னியப்பன் எழுந்து பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, ஒரு நிமிஷமுங்க. நான் போய் அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடறேன். இப்பவே போறேன். அவங்கம்மா முன்னாடியே சொல்றேன். பிரேக் பிடிக்காதுன்னு தெரியும், தெரிஞ்சுதான் அவனை ஏத்துனேன், நாயே வரலைன்னு சொல்றேன்."

அம்மா நின்றார்.

"அந்தப் புள்ள, தன்னைத் தூக்கி வளர்த்த மாமான்னு என்னைய நெனைச்சிட்டு இருக்குதுங்க. இதைக் கேட்டா என்ற மூஞ்சியிலயே முழிக்காது. சாகுற வரைக்கும் மன்னிக்காதுங்கம்மா."

"மன்னிக்காது," என்றார் அம்மா. "மன்னிக்காம உசுரோட இருக்கும்."