நேராக ஓடிய கம்பி

பால்வண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. பாலிடெக்னிக்கில் இருபது வருடம் பாடம் நடத்தியவர், விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சி மாணவராக வந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய வழிகாட்டி ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு. அவர் ‘மேடம்’ என்பார், ஜெசிந்தா ‘சார்’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் ஏதும் இல்லை.

பால்வண்ணன் வரைந்துகொண்டிருந்தது ஒரு சிப்புக்குள் உட்காரும் மிக்ஸர் என்னும் மின்சுற்று. வெளியிலிருந்து வரும் அதிவேக அலையை, சிப்புக்குள்ளேயே ஓடும் இன்னோர் அலையோடு கலந்து, கையாளத் தோதான வேகத்துக்கு இறக்கித் தருவது அதன் வேலை. உள்ளே ஓடும் அந்த அலை மட்டும் வெளியே கசியக்கூடாது. அதற்காக அதை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்புவார்கள். இரண்டும் சமமாக வந்து சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

சமமாக வரவில்லை. இரண்டு கம்பிகளும் ஓரிடத்தில் குறுக்கிட்டாக வேண்டியிருந்தது. ஒன்று மேலே நேராக ஓடியது. மற்றது அதற்கடியில் இறங்கி, மறுபக்கம் ஏறி வந்தது. ஏறி இறங்கியதில் அதன் அலை கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தாமதித்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வரைபடம் சிப்பைத் தயாரித்துத் தரும் ஃபவுண்டரிக்குப் போக வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு எட்டு மாதம் கழித்துத்தான். பால்வண்ணனின் விடுப்போ ஜூனில் முடிகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னும் கசியுதா சார்?” என்று கேட்டபடி ஜெசிந்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அறுபது கிகாஹெர்ட்ஸ்ல சுத்தமா நின்னுடுச்சு மேடம்.”

“முப்பதுல?”

“கசியுது.”

“தொண்ணூறுல?”

“அதைக் கேக்காதீங்க.”

முப்பதிலிருந்து தொண்ணூறு வரை எங்கும் கசியாமல் இருந்தால்தான் அது அகலப்பட்டை மிக்ஸர். இல்லாவிட்டால் அவர் மூன்று வருடம் பட்ட பாடு வீண்.

“இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?”

“கீழே இறங்குற கம்பியோடதான் மூணு வாரமா மல்லுக்கட்டுறேன். அகலமாக்கினேன், சுருக்கினேன், வளைச்சேன். ஒரு இடத்துல அமுக்கினா இன்னொரு இடத்துல கிளம்புது.”

“மேல ஓடுற கம்பி?”

“அதுல ஒரு குறையும் இல்ல மேடம். கோடு போட்ட மாதிரி வரைஞ்சிருக்கேன்.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் உற்சாகம் வந்தது. அந்தக் கம்பியை அவர் பெற்ற பிள்ளையைப் போலத்தான் வைத்திருந்தார்.

ஜெசிந்தா மவுஸை வாங்கிக்கொண்டார். கீழ்க் கம்பியில் செய்த ஒட்டு வேலைகளையெல்லாம் அழித்தார். பிறகு நேர்க் கம்பியை எடுத்து, மற்றது இறங்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில், சுற்றின் நடுவிலிருந்து அதே அளவு தூரத்தில் வெட்டினார். அங்கே அதையும் கீழே இறக்கி, மறுபக்கம் ஏற்றிவிட்டார். அதன் தலைக்கு மேலே எங்கும் போய்ச் சேராத ஒரு துண்டுக் கம்பியையும் போட்டார்.

பால்வண்ணன் திரையை நோக்கிக் குனிந்தார்.

“மேடம், அங்க தாண்டுறதுக்கு எதுவுமே இல்லையே.”

“இல்லதான்.”

“அப்புறம் எதுக்கு இறங்கணும்?”

“ஓட்டிப் பாருங்க சார்.”

புதிய வரைபடத்தைக் கணக்கிட்டுப் பார்க்கக் கணினி ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இருவரும் கேன்டீனுக்குப் போய் லெமன் சாதம் சாப்பிட்டார்கள். ஜெசிந்தா ஊறுகாயைப் பற்றிப் பேசினார். பால்வண்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், கசிவு முப்பதிலும் இல்லை, அறுபதிலும் இல்லை, தொண்ணூறிலும் இல்லை. சொல்லத்தக்க அளவு எங்கும் இல்லை. இரண்டு அலைகளும் இப்போது ஒரே அளவு மெலிந்து, ஒரே அளவு தாமதித்து வந்தன. வெளியே வரும் அலையின் பலம் மட்டும் அரை டெசிபெல் இறங்கியிருந்தது. அது தாங்கக்கூடிய இறக்கம்தான்.

மூன்றே காலுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. பால்வண்ணன் மூன்று வாரத்துக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்தார். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஓர் உறுத்தல் போகவில்லை.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க சார்.”

“அது ஒரு தப்பும் பண்ணாத கம்பி. ஒழுங்கா ஓடிட்டிருந்ததுக்கு எதுக்கு அந்தத் தண்டனை?”

ஜெசிந்தா எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினார்.

“தண்டனை இல்ல சார். மத்தது தனியா இறங்க வேண்டாம்னு துணைக்கு அனுப்பியிருக்கோம்.”