கீரி தின்னாத மூலிகை

கோடையில் காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. அதன் கரைப் புற்றில் குடியேறிய நல்லபாம்பு, தண்ணீருக்கு வந்தவர்களையெல்லாம் கொத்தியது. செம்பன் என்ற கீரி மட்டும்தான் கொத்து வாங்கியும் பிழைத்தது.

அன்று வலி தாங்காமல் செம்பன் ஒரு செடியடியில் போய்ப் படுத்தது. நரி அதைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான், நரி வைத்தியராகிவிட்டது!

"கீரி தின்ன மூலிகை இதுதான்! ஒரு இலையை மென்னுட்டுப் போங்க, விஷம் ஏறவே ஏறாது!"

இலையை மென்றுவிட்டுப் போன மானும் திரும்பவில்லை, பன்றிக்குட்டியும் திரும்பவில்லை. "அவங்க சரியா மெல்லல!" என்றது நரி. அதன் வயிறு மட்டும் நாளுக்கு நாள் பருத்தது.

விஷயம் செம்பனுக்கு எட்டியபோது, தாய் முயல் ஒன்று தாகத்தில் துவண்ட குட்டிகளோடும் வாயில் இலையோடும் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. செம்பன் பாய்ந்து மறித்தது.

"நில்லுக்கா! நான் எந்த இலையையும் தின்னல. இது கீரி உடம்போட வாகு. விஷம் போய் ஒட்டுற இடத்துல, மணிமாலையில சில மணியை மாத்திக் கோத்த மாதிரி, எங்களுக்கு அமினோ அமிலங்கள் மாறியிருக்கு. விஷம் அங்கே ஒட்டாது. உனக்கு ஒட்டும்!"

நரி ஓடிவந்து செம்பனின் காதில் கிசுகிசுத்தது. "மூலிகைதான்னு ஒரு வார்த்தை சொல்லு. செத்ததுல பாதி உனக்கு!"

"முடியாது!" என்று காடே கேட்கக் கத்தியது செம்பன். சத்தம் கேட்டு விலங்குகள் கூடிவிட்டன.

நரி சட்டென்று குரலை மாற்றியது. "பாருங்க, மருந்தைத் தனக்கே வச்சுக்கப் பார்க்குறான்!"

"சுயநலக்காரன்!" என்று கூட்டமும் ஏசியது.

செம்பனுக்கு நெஞ்சு கொதித்தது. "என் வாயைப் பாருங்க, இலை இருக்கா?" என்று திறந்து காட்டிவிட்டுப் புற்றை நோக்கி நடந்தது. எத்தனை கொத்து தாங்கும் என்று அதற்கே தெரியாது. பயமாகத்தான் இருந்தது. பாம்பு சீறிக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது. செம்பன் தள்ளாடியதே தவிர விழவில்லை.

"காலையிலேயே தின்னிருப்பான்!" என்றது நரி.

தாய் முயல் தன் வாயிலிருந்த இலையை நரியின் முன்னால் துப்பியது. "அப்போ நீங்களும் மென்னுட்டு அவன் பக்கத்துல போய் நில்லுங்க, வைத்தியரே!"

நரி எடுத்தது ஓட்டம்!

செம்பன் புற்று வாசலை விட்டு நகரவில்லை. உள்ளே பதுங்கிய பாம்பைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடியே, "குட்டிங்களைக் குடிக்கச் சொல்லுக்கா!" என்றது.

ஒருவர் உடம்புக்கு இயல்பாய் அமைந்ததை ஊருக்கெல்லாம் மருந்து என்று சொல்லும் பொய்க்கு, ஊரே ஏசினாலும் தலையாட்டக் கூடாது.