எட்டாவது பனியன்

செவல்குளத்து வேலாண்டியார் சோடா போட்டுப் பிழைத்தவர். விடிந்ததும் கொட்டகை வாசலில் குந்தி, கோலி சோடாப் புட்டிகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார். ஒரு புட்டிக்கு ஒரு 'முருகா'. அதுதான் அவருடைய பூசை. மலைக் கோயில்களுக்குப் போக அவருக்கு நேரமும் இல்லை, வசதியும் இல்லை. ஊர்க்கோடியில் கோவணத்தோடு நிற்கும் ஆண்டி முருகனே அவருக்குப் போதுமாயிருந்தான்.

அவர் ஒரு சடுகுடு அணி வைத்திருந்தார். அந்தச் சீமையில் அதுவரை விளையாடுகிறவனுக்கு ஒரு வேட்டியும் ஒருவேளைச் சோறும்தான். பெருமையெல்லாம் அணி வைத்திருந்த பணக்காரனுக்கு. விளையாடினால் மாதச் சம்பளம் என்று முதலில் வைத்தவர் வேலாண்டியார். அதைக்கூட ஊர் பொறுத்திருக்கும். ஆனால் அவருடைய ஏழு பேரும் நாலு தெருக்காரர்கள். சோடாக் கொட்டகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்றார்கள். அது ஊருக்குச் செரிக்கவில்லை. காசுக்கு ஆடுவது கேவலம் என்று வெளியே ஒரு காரணம் சொன்னது. எந்த ஊர்தான் இதில் உண்மையைச் சொல்லியிருக்கிறது?

ஒவ்வொரு பந்தயத்துக்கும் அவர் எட்டுப் பனியன் தைப்பார். எட்டாவதைக் கொண்டுபோய் முருகன் காலடியில் வைப்பார்.

"சடுகுடுக்கு ஏழு பேருதானவே, எட்டு எதுக்கு?" என்று கேட்டார் பூசாரி கோமதிநாயகம்.

"முதலாளிக்கு, சாமி. அணி அவரோடது. நான் சும்மா பாத்துக்கிடுதேன்."

"கோவணத்தோட நிக்கிற ஆண்டிக்குப் பனியனா. அடுத்தாப்ல டவுசரும் தச்சுருவீரோ?"

வேலாண்டியார் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பங்குனி உத்திரத்துக்குக் கோயில் திடலில் பந்தயம். எதிர் அணி பஞ்சு அரவை ஆலைக்காரர் பூவலிங்கத்தினுடையது. ஊர் கூடி ஒரு தீர்ப்புச் செய்தது: தோற்றால் வேலாண்டியார் அணியைக் கலைத்துவிட வேண்டும், இனி அவர்கள் திடலை மிதிக்கக் கூடாது. அவரும் தலையாட்டினார். வேறு திடல் ஏது?

சடுகுடுவில் எதிர்ப்பக்கம் போகிறவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். நடுக்கோட்டைத் தொடுமுன் மூச்சு அறுந்தால் அவுட். செவல்குளத்தில் அதைக் கேட்பதற்கென்றே கோட்டோரம் ஓர் ஆளைத் திருநீற்றைக் கைக்குள் பிடித்தபடி உட்கார வைப்பார்கள். அவர் சொல்வதே முடிவு. அன்று பூவலிங்கம் எழுந்து, "பெரிய பக்தரு இருக்கும்போது வேற ஆளு எதுக்கு? வேலாண்டியே மூச்சுக் கேக்கட்டும்" என்றார். நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. ஜெயித்தால் பொய் சொல்லி ஜெயித்தான் என்று சொல்லலாம் அல்லவா.

கடைசிப் பாட்டு வரை இரண்டு பக்கமும் சமம். வேலாண்டியாரின் ஆள் தவசி பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டான். திரும்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டான். திடலே இரைந்தது. கூட்டாளிகள் தவசியைத் தூக்கிவிட்டார்கள்.

வேலாண்டியார் எழுந்தார். திருநீறு பிடித்த கையை உயர்த்தினார்.

"மூச்சு அறுந்துட்டு. தவசி அவுட்."

"அண்ணாச்சி, கோட்டைத் தொட்டுட்டுத்தான் விட்டேன்."

"இல்லடே. தொடுததுக்கு முந்தி."

தவசி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரியும்.

பூவலிங்கம் சிரித்த சிரிப்பு தெப்பக்குளம் வரை கேட்டது. "பக்தருக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கலே" என்றார். ஏழு பேரும் பனியனைக் கழற்றி அவர் முன்னால் எறிந்துவிட்டுப் போனார்கள். "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டீரே" என்று மட்டும் ஒருவன் சொன்னான். வேலாண்டியார் பனியன்களைப் பொறுக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை அவர் புட்டி கழுவிக்கொண்டிருந்தபோது பூசாரி ஓடிவந்தார். இரண்டு கையிலும் எட்டாவது பனியனை ஏந்தியிருந்தார். அது வேர்வையில் ஊறிக் கனத்தது. மார்பெல்லாம் திடலின் செம்மண்.

"நடை திறந்தேன். சாமி இதைப் போட்டுக்கிட்டு நின்னாரு, கழத்தி எடுத்தாந்தேன். முட்டியில சிராய்ப்புவே, கல்லு முட்டியில."

பூசாரி சொல்வதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. ஆனால் இவர் பூவலிங்கம் வீட்டுச் சோறு தின்றவர். வேலாண்டியாருக்காகப் பொய் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து?

வேலாண்டியார் பனியனைத் தொடவில்லை. அதிலிருந்த செம்மண்ணைப் பார்த்துக் கேட்டார்:

"தோத்த பக்கமா ஆடினாரு?"

"உம்ம பனியன்தானே போட்டிருந்தாரு."

அப்போதுதான் அவர் அழுதார்.

சாயங்காலம் சேதி கேட்டு ஏழு பேரும் தாங்களாகவே கொட்டகைக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். அடுத்த உத்திரத்துக்கு அவர்கள் திடலில் இறங்கியபோது ஊர் வாயைத் திறக்கவில்லை. முதலாளியே ஆடுகிற அணியை யார் கலைப்பது? இன்றும் செவல்குளத்தில் எந்த அணி இறங்கினாலும் எட்டுப் பனியன்தான் தைக்கிறார்கள்.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்ன சோடாக்காரர் வேலாண்டியாரின் ஈரக் கைகளுக்கு நம் கும்பிடு.